ஒன்பது இன்றியமையாதவையும் ஓர் அலாரமும்

எங்கள் குழு இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவருக்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை. கடிதத் தாளின் தலைப்பிலேயே இதை அச்சடித்திருக்கிறோம். நான் அந்தக் குழுவின் குறிப்பெழுத்தர், பெயர் லிந்தோமார். கூட்டத்தில் யார் என்ன உளறினாலும் அதைத் திருத்தமான வாக்கியமாக்கி நோட்டில் ஏற்றுவது என் பிழைப்பு. பதினோரு வருடம் இப்படி எழுதியதில் வலது கால் தானாக ஆடும் வியாதி வந்துவிட்டது. கூட்டம் தொடங்கினால் ஆடத் தொடங்கும். கூட்டம் முடிந்தாலும் நிற்காது.

கஜூ என்பது எங்கள் வடகிழக்கு மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரி இயந்திரங்களில் ஓடும் இயங்குதளம். அதன் நடுவே உட்கார்ந்திருப்பது கெர்னல். இயந்திரத்தில் ஓடும் ஒவ்வொரு நிரலும் வேலை செய்ய நினைவகம் கேட்கும், கெர்னல் அதைப் பக்கம் என்ற அளவில் அளந்து கொடுக்கும். இவ்வளவுதான் சங்கதி. இந்தக் கொடுக்கல் வேலையின் சட்டதிட்டத்தை வகுக்கத்தான் ரெசிஃபே நகரில் ஆற்றைப் பார்த்த நான்கு மாடிக் கட்டடமும், அதில் நினைவகக் குழுவும், அந்தக் குழுவுக்கு நானும்.

ஓர் இயந்திரத்தில் ஆயிரம் பக்கம் நினைவகம் இருந்தால் கஜூ மூவாயிரம் பக்கம் தருவதாக வாக்குக் கொடுக்கும். கேட்கிற நிரல்கள் பெரும்பாலும் கேட்ட அளவு எடுத்துக்கொள்வதில்லை என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். என்றைக்காவது எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால், கெர்னல் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்று, அதன் பக்கங்களைப் பிடுங்கி மற்றவற்றுக்குக் கொடுக்கும். 'கொன்று' என்று நான் இங்கே எழுதுகிறேன். குறிப்பேட்டில் எழுதினால் சம்பளம் நின்றுவிடும். அங்கே அதற்கு 'விடுவிப்பு' என்று பெயர்.

எடிலேனி குவாரெஸ்மா எங்களிடம் வந்தது மார்ச் மாதம். கம்பினா கிராண்டேயில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் நிரல் எழுதுகிறவர். பெட்டிக்குள் குழந்தையின் உடம்புச் சூடு குறைந்தால் கத்துகிற அலாரம் அவர் எழுதியது. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஒரு பெட்டியில் சூடு குறைந்துகொண்டே போயிருக்கிறது, அலாரம் கத்தவில்லை. திரையில் மாநில அரசின் சின்னம் மட்டும் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சுலெய்தே என்ற நர்ஸ் தற்செயலாகக் கையை உள்ளே விட்டுப் பார்த்துக் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். குழந்தை பிழைத்துவிட்டது. அன்று முதல் நாற்பத்தொரு பெட்டிகளிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு நர்ஸ் கையை விட்டுப் பார்க்கிறார்.

எடிலேனி தோண்டிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. அரசு இயந்திரம் எதுவானாலும் அதில் ஒன்பது நிரல்கள் கட்டாயம் ஓட வேண்டும்: சுற்றும் சின்னம், திருவிழா நாட்காட்டி, கவர்னர் அலுவலக வாழ்த்துப் படம், வானிலை, கருத்துக் கணிப்பு, இப்படி. ஒன்பதுக்கும் அதனதன் இலாகா 'இன்றியமையாதது' என்று விலக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தது. சீட்டு இருந்தால் விடுவிப்பு கிடையாது. சீட்டு வாங்காதது அலாரம் ஒன்றுதான். பற்றாக்குறை வந்தபோது கெர்னல் நாலாயிரம் வரி நியாயத்தோடு பத்து நிரல்களையும் சீர்தூக்கிப் பார்த்து அலாரத்தைக் கொன்றது.

முதல் நாள் குழுத் தலைவர் டாக்டர் எவிலாசியோ அவரை அம்மணி என்ற பொருளில் 'டோனா' போட்டு அழைத்து மிகவும் அன்பாகத்தான் பேசினார். அவர் எதிலும் டாக்டர் பட்டம் வாங்கியவர் அல்ல. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் டாக்டர், அவ்வளவுதான்.

"டோனா எடிலேனி, நீங்க ஏன் சீட்டு வாங்கல?"

"அது வேலை செய்யிற நிரல், டாக்டர். அதுக்கெதுக்குச் சீட்டுன்னு நெனச்சேன்."

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. வேலை செய்யிறதுக்கும் இன்றியமையாததுக்கும் என்னம்மா சம்பந்தம்? நானே இங்க இருபது வருஷமா இன்றியமையாதவன்."

எடிலேனி கையோடு ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். பதினோரு வரி. நினைவகம் தீர்ந்துபோன நிலையில் ஒரு நிரல் மேலும் கேட்டால், கெர்னல் இன்னொன்றைக் கொல்லாமல், கேட்டதிடம் 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். சின்னம் சுற்றாமல் நிற்கும், அலாரம் உயிரோடு இருக்கும். ஜூன் பன்னிரண்டாம் தேதி கஜூவின் புதிய பதிப்புக்கு முத்திரை வைப்பார்கள். அதைத் தவறவிட்டால் டிசம்பர். முத்திரை இல்லாத கெர்னலை எந்த ஆஸ்பத்திரியும் தொடாது. அவர் கேட்டது இவ்வளவுதான்: பதினோரு வரி, ஜூன் பன்னிரண்டுக்குள்.

திருத்தம் எதுவானாலும் எங்கள் அஞ்சல் பட்டியலுக்கு அலங்காரம் எதுவும் இல்லாத வெற்று எழுத்தில் அனுப்ப வேண்டும், வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அவருடைய நான்காவது வரியில் எழுபத்து நான்கு இருந்தது. திருப்பி அனுப்பினோம். இரண்டாம் வடிவத்தில் 'படித்துப் பார்த்தவர்' என்ற கையொப்ப வரி இல்லை. மூன்றாவதில் அது இருந்தது, 'சோதித்தவர்' இல்லை. நான்காவதில் இரண்டும் இருந்தன, ஆனால் சோதித்தவர் படித்தவருக்கு முன்னால் கையெழுத்திட்டிருந்தார். படிக்காமல் எப்படிச் சோதித்தார் என்று விளக்கம் கேட்டோம். சோதித்தவர் நர்ஸ் சுலெய்தே. அவர் படிக்கவில்லை, கையை உள்ளே விட்டுப் பார்த்தார் என்று எடிலேனி பதில் போட்டார். அந்தப் பதிலில் ஒரு வரி எழுபத்தாறு எழுத்து.

ஐந்தாம் வடிவத்தை யாரோ உண்மையிலேயே திறந்து படித்துவிட்டார். அதில்தான் வினை. எடிலேனி அந்தப் பதினோரு வரித் துண்டுக்கு, கொடுக்க மறு என்ற பொருளில், 'மறு' என்று பெயர் வைத்திருந்தார். மறு என்பது கடுமையான சொல், கஜூவின் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று ஓர் அஞ்சல் வந்தது. அதற்கு நூற்று நாற்பது பதில்கள். 'பிறகு_கொடு' என்றார் ஒருவர். 'மனதளவில்_கொடு' என்றார் இன்னொருவர். 'கொடுத்ததாக_நினை' என்பதற்குப் பெருத்த ஆதரவு திரண்டது. அந்தப் பதினோரு வரி சரியா தப்பா என்று ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏப்ரல் போனது, வடிவம் ஒன்பதைத் தொட்டது, மே வந்தது. மழை பிடித்துக்கொண்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் எடிலேனியின் கைபேசி. மாதம் இரண்டு முறை நான்கு மணி நேரம் பேருந்தில் வந்து கூட்ட மேசையின் கடைசியில் உட்காருவார். கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பார். மணிக்கு ஒரு தரம் அது அதிரும். சுலெய்தே அனுப்புகிற செய்தி: 'எல்லாம் சூடா இருக்கு.' அதிர்வதற்கு இரண்டு நிமிடம் தாமதமானால் எடிலேனியின் முகம் வெளுத்துவிடும். பக்கத்தில் இருக்கிற எனக்குக் கால் வேகமெடுக்கும். டாக்டர் எவிலாசியோ கேக்கை வெட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்து, "ஏசி குளிருதா?" என்பார்.

மே மாதக் கூட்டத்துக்குக் குமெர்சிந்தோ ஐயாவே வந்தார். நினைவக ஒதுக்கீட்டு நிரலை முதன்முதலில் எழுதியவர் அவர். அதில் ஒரு கால்புள்ளியைத் தொட்டாலும் அவருடைய தாயாரைப் பற்றிப் பேசியதாக எடுத்துக்கொள்வார். எழுந்து நின்று பேசினார். நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

"அம்மா, நான் ஒருத்தனையும் வெறுங்கையோட அனுப்பினது கெடையாது. கேட்டவனுக்கெல்லாம் குடுத்திருக்கேன். இல்லாதத எப்படிக் குடுத்தீங்கன்னு சில பேரு கேக்கறாங்க. வாக்குக் குடுக்கறதுக்கு நினைவகம் எதுக்கும்மா? ஆயிரம் பக்கத்த வெச்சுக்கிட்டு ஆயிரம் பக்கம் குடுக்கறது கடைக்காரன் வேலை. மூவாயிரம் குடுக்கறதுக்குத்தான் குழு வேணும், கட்டடம் வேணும், நான் வேணும்."

கை தட்டினார்கள். எடிலேனி தட்டவில்லை.

"ஐயா, நீங்க குடுத்த வாக்க நம்பித்தான் என் அலாரம் ஓடுச்சு. நீங்க அதக் கொன்னீங்க."

"விடுவிச்சோம்," என்றார் டாக்டர் எவிலாசியோ.

"சரி, விடுவிச்சீங்க. அந்தக் குழந்தைக்கு என்ன பதில்?"

"உங்க அலாரத்துக்கு நியாயமான போட்டிதான் நடந்துச்சும்மா," என்றார் குமெர்சிந்தோ ஐயா. பொறுமையாகச் சொன்னார், கோபமே இல்லை. "பத்துப் பேரயும் எடை போட்டோம். வயசு, பருமன், நடத்தை எல்லாம் பாத்தோம். ஒன்பது பேரு சீட்டு வெச்சிருந்தாங்க. மிச்சம் ஒருத்தன். இவ்வளவு துல்லியமா முடிவு எடுக்கற கெர்னல் உலகத்துல வேற கெடையாது."

எடிலேனி கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டார். பிறகு, "அப்ப என் திருத்தத்த நிராகரிச்சுட்டோம்னாவது சொல்லுங்க. நான் வேற வழி பாக்கறேன்," என்றார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். டாக்டர் எவிலாசியோ கேக் கரண்டியைக் கீழே வைத்தார். "நிராகரிக்கறதா? இந்தக் குழுவா? டோனா எடிலேனி, நாங்க யாரயும் நிராகரிக்கறது இல்ல. பத்தாவது வடிவம் அனுப்புங்க."

அன்று மழையில் பேருந்து நிலையம் வரை அவரோடு போனேன். குழுவின் ஆள் ஒருவன் வெளியாளோடு நடப்பது விதிக்குப் புறம்பு. போகட்டும் என்று போனேன். ஒரு கடையில் மரவள்ளி மாவு அடை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், சாப்பிடவில்லை.

"லிந்தோமார், நீங்க பதினோரு வருஷமா இவங்களப் பாக்கறீங்க. இவங்ககிட்ட என்ன கேட்டா நடக்கும்?"

"'இல்ல'ன்னு சொல்லச் சொன்னா நடக்காது. 'கொஞ்சம் அதிகமாக் குடுங்க'ன்னு கேட்டா அன்னிக்கே நடக்கும்," என்றேன்.

அவர் அடுத்த வாரமே பதினோரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அலாரத்துக்கு விலக்குச் சீட்டு கேட்டு மனுப் போட்டார். பத்தாவது இன்றியமையாதது. ஆனால் புதிதாக ஒருவருக்குச் சீட்டுக் கொடுக்க, ஏற்கெனவே வைத்திருக்கிற ஒன்பது பேரும் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை யாரும் அதுவரை பயன்படுத்தியதில்லை, ஏனென்றால் ஒன்பது பேரும் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் சம்மதம் கொடுத்துக்கொண்டவர்கள்.

ஒன்பது இலாகாவின் பிரதிநிதிகளும் வந்தார்கள். சுற்றும் சின்னத்தின் சார்பில் வந்தவர் கிளெய்ட்டன். சட்டைப் பையிலும் அந்தச் சின்னம் தைத்திருந்தது.

"எங்களுக்கு ஆட்சேபம் இல்ல," என்றார். "ஆனா ஒரு கவலை. அலாரம் கத்துச்சுன்னா நர்ஸுங்க அலாரத்தப் பாப்பாங்க. சின்னத்த யாரு பாப்பா?"

"குழந்தையப் பாப்பாங்க," என்றார் எடிலேனி.

"அதத்தான் சொல்றேன்."

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அலாரத்துக்குச் சீட்டு. அதற்கு ஈடாக ஒன்பது நிரல்களுக்கும் ஆளுக்கு நூறு பக்கம் கூடுதல் வாக்கு. சின்னம் இனி இரண்டு திசையிலும் சுற்றும். குமெர்சிந்தோ ஐயா தாராளமாகக் கொடுத்தார். ஆயிரம் பக்க இயந்திரத்தில் வாக்கு நாலாயிரத்தை நெருங்கியது. டாக்டர் எவிலாசியோ கண் கலங்கினார். "இன்னிக்கு இந்த இயந்திரத்துல சாதாரணமானவன்னு ஒருத்தன் கெடையாது. எல்லாரும் இன்றியமையாதவங்க. இதுக்குத்தான் நாங்க உழைச்சோம்." எழுதிக்கொண்டேன்.

முத்திரைக்கு முன் ஒரு செய்முறைச் சோதனை தேவை. ஜூன் பத்தாம் தேதி காலை எடிலேனி பட்டறை வண்டியில் ஓர் இன்குபேட்டரைக் கொண்டுவந்து கூட்ட அறையில் வைத்தார். விதிப்படி உள்ளே ஒரு மாதிரிக் குழந்தை இருக்க வேண்டும். பொம்மை வாங்க மூன்று விலைப்பட்டியல் கேட்டு அனுப்பியதில் ஒன்று இன்னும் வரவில்லை. கீழே சந்தையிலிருந்து இரண்டு கிலோ பூசணிக்காய் ஒன்றை வாங்கி, வெந்நீரில் குளிப்பாட்டி, துணி சுற்றி வைத்தோம். டாக்டர் எவிலாசியோ அதற்குத் தொப்பிகூடப் போட்டார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. சின்னம் வலமாகச் சுற்றி இடமாகச் சுற்றியது. நாட்காட்டி திருவிழாவுக்கு இத்தனை நாள் என்று காட்டியது. வாழ்த்துப் படம் வாழ்த்தியது. பூசணிக்காய் முப்பத்தாறரை டிகிரியில் சுகமாக இருந்தது. எடிலேனி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் மேசையைத் தட்டுகிற அளவுக்கு ஆடியது.

பதினேழாவது நிமிடம் கருத்துக் கணிப்பு தனக்குரிய பக்கங்களைக் கேட்டது. அதே நேரத்தில் வாழ்த்துப் படமும் கேட்டது. பக்கம் தீர்ந்தது. கெர்னல் யாரை விடுவிக்கலாம் என்று பத்துப் பேரையும் பார்த்தது. பத்துப் பேரும் சீட்டைக் காட்டினார்கள். இன்னொரு முறை பார்த்தது. சின்னம் பாதியில் நின்றது. கெர்னல் எழுதப்பட்ட நாளிலிருந்து சந்திக்காத நிலைமை அது. கொல்ல ஆள் இல்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'விடுவிக்க எவரும் இல்லை. நான் நிற்கிறேன்.' பிறகு திரை இருண்டது.

மூன்று நொடி.

அப்புறம் பெட்டியின் அடிப்பலகையிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. காது கிழிகிற மாதிரி. கிளெய்ட்டன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அது பலகையில் பற்றவைத்திருந்த ஒலிப்பான், தனக்கென்று சின்ன மின்கலம் உள்ளது. கெர்னல் நொடிக்கு ஒரு தரம் அதைத் தட்டி 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தட்டுவது நின்றால் கத்தும். இத்தனை நாளும் அலாரம் செத்தபோதெல்லாம் கெர்னல் உயிரோடு இருந்தது, தட்டிக்கொண்டே இருந்தது. அதனால் ஒலிப்பான் வாயைத் திறக்கவே இல்லை.

எடிலேனி எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். தொண்ணூறு நொடியில் எழுந்தது. அலாரம் ஓடியது, சின்னம் சுற்றியது.

தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. "குமெர்சிந்தோ, இது... இது தோல்வியா?"

குமெர்சிந்தோ ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "யாருக்காவது இல்லேன்னு சொன்னோமா?"

"இல்ல."

"யாரையாவது விடுவிச்சோமா?"

"அதுவும் இல்ல."

"அப்ப எங்க தோல்வி? கடைசி வரைக்கும் குடுத்துக்கிட்டே இருந்து நின்ன கெர்னல் இது. வீரமரணம்."

எடிலேனி அவசரமாகக் குறுக்கிட்டார். "டாக்டர், இதே மாதிரி, ஒரு எழுத்து மாத்தாம, முத்திரை போட்டுக் குடுத்துடுங்க. எனக்கு இதுவே போதும்."

"சந்தோஷமா? பாருங்கம்மா, கேட்டா நாங்க குடுக்காம இருப்போமா," என்றார் டாக்டர் எவிலாசியோ. தீர்மானம் நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. என் பதினோரு வருடத்தில் அதுதான் மிகக் குறுகிய விவாதம். பூசணிக்காயைக் காவலாளி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஆகஸ்டில் என்னைக் கம்பினா கிராண்டேக்கு அனுப்பினார்கள், திருப்திப் படிவம் நிரப்பி வாங்கி வர. பிரசவ வார்டில் சுலெய்தேயைக் கண்டுபிடித்தேன். ஐம்பது வயது இருக்கும், கனத்த கைகள். நான் முதல் கேள்வியை வாசித்தேன்: 'கடந்த மாதத்தில் எந்த நிரலாவது முறையின்றி விடுவிக்கப்பட்டதா?' அவர் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது பெட்டியின் திரை இருண்டு ஊளை கிளம்பியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மூன்று நர்ஸ்கள் மூன்று பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள். ஒருவர் மூடியைத் திறந்தார். சுலெய்தே குழந்தையை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டார். என் உள்ளங்கை அளவுதான் இருந்தது அதன் முதுகு. இன்னொருவர் பொத்தானை அமுக்கினார். தொண்ணூறு நொடி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் உட்கார்ந்த எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை.

"வாரத்துல மூணு தடவ இப்படித்தான் மகனே," என்றார் சுலெய்தே, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "பழகிடுச்சு. குடு உன் காகிதத்த."

மேசைவரை போக அவருக்கு நேரமில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி, படிவத்தை என் முதுகில் வைத்து எழுதினார். பேருந்தில் ஏறிய பிறகுதான் படித்தேன். எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டு, கருத்து என்ற இடத்தில் மட்டும் எழுதியிருந்தார்: 'முன்பு சத்தமில்லாமல் செத்தது. இப்போது எங்களைக் கூப்பிட்டுவிட்டுச் சாகிறது. நன்றி.'

அதைக் கூட்டத்தில் டாக்டர் எவிலாசியோ உரக்க வாசித்தார். 'நன்றி' வந்த இடத்தை இரண்டு முறை வாசித்தார். குழுவுக்கு வந்த முதல் நன்றி அது. குமெர்சிந்தோ ஐயா கைக்குட்டையைத் தேடினார். எல்லா ஆஸ்பத்திரித் திரைகளிலும் அந்த வாசகம் இரவு பகலாக ஓட வேண்டும் என்று ஒருமனதாக முடிவானது. அதை ஓட்ட ஒரு தனி நிரல் எழுதியாகிவிட்டது, பதினொன்றாவது. விலக்குச் சீட்டும் தயார். பின்னணியில் பூக்கள் விழ வேண்டுமாம், அதனால் இருநூறு பக்கம் நினைவகம் கேட்டிருந்தார்கள்.

குமெர்சிந்தோ ஐயா நானூறாகக் கொடுத்தார்.